மேல்மாடிக்குப் போன பாத்ரூம்

1. தண்ணீர் திரும்பி வந்த காலை

மாரிக்காலத்தில் பிளம்பரைத் தேடுகிறவர்கள் யாரும் நல்ல செய்தியோடு தேடுவதில்லை. அன்றைக்கும் மழை விடாமல் பெய்திருந்தது. வாவி நிரம்பிவிட்டது, அதைக் கடலுக்குத் திறந்துவிடும் முகத்துவாரம் இன்னும் வெட்டப்படவில்லை. காத்தான்குடியில் வாவிப் பக்கத்து ஒழுங்கை ஒன்றிலிருந்து போன் வந்தது.

"பாஸ், கக்கூஸால தண்ணி மேல வருது. கெதியா வாங்க."

கைத்தொழில்காரனை எங்கள் பக்கத்தில் பாஸ் என்பார்கள். பேசியவர் சுபைதா உம்மா. கணவர் மௌத்தாகிப் பல வருடங்கள். மகன் றிஸ்வான் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். வீட்டில் அவரும் மகள் நஸ்லியாவும் மட்டும். அந்த வீட்டுக்கு முதன்முதலில் பைப் இழுத்தவன் நான்தான். அதனால் எது உடைந்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

நான் பக்கத்து ஊர் ஆரையம்பதிக்காரன். வாழ்க்கை முழுவதும் பைப் வேலை. இப்போது ஸ்பெனர் பிடிப்பதைக் குறைத்துவிட்டேன். மற்றவர்கள் செய்கிறார்கள், நான் கதிரையில் இருந்து குறை சொல்கிறேன். இதையும் அப்படி ஒரு குறை சொல்லல் என்றே இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தேன். வாவி ஏறும்போது நிலத்தடித் தண்ணீரும் ஏறும். கக்கூஸ் குழி நிரம்பும். குழி நிரம்பினால் உள்ளே போனதெல்லாம் வந்த வழியாலேயே திரும்பும். அந்த நேரத்தில் எந்தப் பெரிய பிளம்பராலும் செய்யக்கூடியது எதுவுமில்லை. கொமட்டின் வாயை மண்மூட்டையால் அடைத்துவிட்டு, தண்ணீர் வடியும்வரை உயரமான இடத்து உறவுக்காரர் வீட்டில் இருக்கச் சொன்னேன்.

சுபைதா உம்மா முட்டுக்கு மேலே சேலையைத் தூக்கிப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றார். "பிள்ளைட கலியாணம் பேசி வாற நேரத்தில இப்பிடி ஆகிட்டே, பாஸ். அவங்க வந்து பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்றார். வீட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் நிற்கிறது, அவருடைய கவலை கல்யாணமாக இருந்தது.

2. எஸ்டிமேட்

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ, பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். உம்மா இருந்த வீடு மகளுக்கு எழுதப்படும். உம்மா அதே வீட்டில் ஒரு மூலைக்கு ஒதுங்குவார். அண்ணன்மார் தங்கச்சிக்கு வீடு முடிக்காமல் தாங்கள் கல்யாணம் முடிக்க வாய் திறக்க மாட்டார்கள். றிஸ்வானும் அப்படித்தான். தலையில் நரை விழுந்த பிறகும் கட்டாரில் தனியாகக் கிடந்தான்.

தண்ணீர் வடிந்ததும் வட்ஸ்அப்பில் அழைத்தான்.

"பாஸ், மேல ஒரு தட்டுப் போட்டு ரூமும் பாத்ரூமும் மேலயே வைப்பம். கீழ இரிக்கிற பாத்ரூம உடைங்க. மாரியில கக்கூஸ் பொங்குற வூட்டுக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்? எவ்வளவு காசு முடியும் எண்டு சொல்லுங்க."

பாத்ரூமை மேலே கொண்டுபோவது என்றால் ஆட்கள் டைல்ஸ், கொமட், ஷவர் இவற்றைத்தான் கணக்குப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிறதில்தான் ஆசை. செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பாத்ரூம் வரும் இடத்தில் ஸ்லெப்பைத் தாழ்த்திப் போட வேண்டும். வோட்டர் புரூஃப் பூசி, தண்ணீர் கட்டி வைத்து, கீழே நின்று ஈரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய பைப் சுவரோடு இறங்கிச் சரியான சரிவில் குழிக்குப் போக வேண்டும். குழியின் காற்றை வெளியே விடுகிற வென்ட் பைப் கூரைக்கு மேலே நிற்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை விட்டுவிட்டுப் பிறகு கக்கூஸ் நாற்றம் மணக்கிறது என்று அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்த் தாங்கி இன்னும் உயரத்துக்கு ஏற வேண்டும். அதைத் தாங்குவதற்கு பீம் வேண்டும். டொலர் ஏறிய பிறகு இந்தச் சாமான்களின் விலையை நான் என் வாயால் சொல்வதில்லை. கடையில் கேட்டு நீங்களே நெஞ்சைப் பிடியுங்கள் என்பேன்.

றிஸ்வான் நெஞ்சைப் பிடிக்கவில்லை. "செய்யுங்க பாஸ்" என்றான். அந்தக் காசைச் சேர்க்க அவன் பாலைவன ரோட்டில் எத்தனை ராத்திரி முழித்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அதனால் வேலையைக் கவனமாகவே செய்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. காணி கைக்குட்டை அளவு. பின்பக்கம் ஒரு கிணறு, ஒரு குழி, ஒரு ஆள் நடக்கிற இடம், அவ்வளவுதான். மேலே போகப் படி வைக்க வேண்டுமென்றால் பழைய பாத்ரூம் இருந்த இடத்தைத் தவிர வேறு இடமில்லை. மேசனும் நானும் நாடாவைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தோம். படி வந்தால் கீழே பாத்ரூம் இல்லை.

போனில் நான் சொன்னேன்: "படிக்குக் கீழ சின்னதா ஒண்டு வைப்பம் றிஸ்வான். உம்மாக்கு வயசு போகுது. வெள்ளம் வாற நாளில மட்டும் மேல போகட்டும்."

அதிலும் ஒரு தடை. காத்தான்குடியில் கொமட் அவர்கள் தொழுகிற திசையான கிப்லாவை நோக்கியும் இருக்கக்கூடாது, கிப்லாவுக்கு முதுகு காட்டியும் இருக்கக்கூடாது. நான் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அந்த ஊரில் எந்த வீட்டுக்குள் விட்டாலும் கிப்லா எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். படிக்குக் கீழே இருந்த இடுக்கில் கொமட் வைத்தால் நேரே கிப்லாவைத்தான் பார்க்கும். திருப்பி வைக்க வேண்டுமென்றால் சுவரை ஹோலுக்குள், முன்கூடத்துக்குள், தள்ளிக் கட்ட வேண்டும். ஹோல் சிறுத்துவிடும். வாசலால் வருகிறவர் கண்ணில் முதலில் கக்கூஸ் கதவுதான் படும்.

றிஸ்வான் யோசித்தான். பதில் சொன்னது அவனல்ல, போனைக் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்ற சுபைதா உம்மா.

"வேணாம் பாஸ். மாப்பிள்ளை வூட்டார் வந்து குந்துற ஹோலுக்குள்ள கக்கூஸா? நான் என்ன, கிழவியா? நான் ஏறுவன்."

அதோடு முடிந்தது. பழைய பாத்ரூமை உடைத்தோம்.

3. மாப்பிள்ளை வீட்டார்

மேலே வேலை முடிகிற தறுவாயில் மாப்பிள்ளையின் தாயும் இன்னும் இரண்டு பெண்களும் வீடு பார்க்க வந்தார்கள். நான் ஷவருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். விலகி பல்கனிப் பக்கம் நின்றேன். டைல்ஸை ஒரு பெண் விரலால் தடவிப் பார்த்தார். இன்னொருவர் தண்ணீரைத் திறந்து பார்த்தார். குறை சொல்ல அவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. அதில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

மாப்பிள்ளையின் தாய்க்குப் படியேறியதில் மூச்சு வாங்கியது. "இந்தப் படியில நீங்க எப்பிடி ஏறி இறங்குவீங்க, மச்சி?" என்று கேட்டார்.

"நானா? ஒரு நாளைக்கு எத்தின தரம் ஏறுறன், இறங்குறன்! உங்கட மகன்ட தேத்தண்ணியக் கூட நான்தான் மேல கொண்டு வந்து குடுப்பன்" என்றார் சுபைதா உம்மா. சொன்னதோடு நிற்கவில்லை. சர்பத் எடுத்துவர மறந்ததுபோல இறங்கிப் போய், தட்டோடு மறுபடி ஏறி வந்தார். கைப்பிடியைத் தொடவேயில்லை.

அவர்கள் போன பிறகு நான் சாமான்களோடு இறங்கினேன். அவர் கீழே முதல் படியில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ராத்தா, இப்பவும் காலம் போகல்ல. ஹோல் கொஞ்சம் குறைஞ்சா என்ன?" என்றேன்.

"அதப் பாக்காதீங்க பாஸ். புள்ளைட காரியம் முடியட்டும், மறுகா பாப்பம்" என்று சிரித்தார். நான் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அது அவர் வீட்டு விஷயம். இன்னும் சரியாகச் சொன்னால், அது அவர் வீடுமல்ல. வீட்டு உறுதிப் பத்திரம் ஏற்கனவே மகள் பெயருக்கு மாறியிருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. எனக்கும் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள், போய் வந்தேன்.

4. மணம்

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்குப் போன் வரவில்லை. பிளம்பருக்குப் போன் வராவிட்டால் வேலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மாப்பிள்ளைக்கும் றிஸ்வான் கட்டாரில் ஒரு வேலை பிடித்துக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். கொஞ்சக் காலத்தில் நஸ்லியாவும் விசா எடுத்துக்கொண்டு கணவனிடம் போய்விட்டாள். சுபைதா உம்மா தனியாக அந்த இரண்டு தட்டு வீட்டில் இருந்தார்.

கச்சான் காற்று அடிக்கிற காலம். கதவு யன்னல் எல்லாம் வெடிக்கிற வெக்கை. நஸ்லியாவிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது.

"பாஸ், நாங்க லீவில வாறம். மேல ரூமத் துப்புரவாக்க ஆள் அனுப்பினன். பாத்ரூம் சரியான நாத்தமா மணக்குதாம், நிக்கேலாதாம். புதுப் பாத்ரூம் எப்பிடி மணக்கும்? வேலை பிழையா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் வேலையில் மணமா? வென்ட் பைப்பில் குருவி கூடு கட்டியிருக்கும், இல்லாவிட்டால் எங்கோ ஒட்டு விட்டிருக்கும் என்று நினைத்து, எல்லாச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு போனேன்.

படியில் ஏறும்போதே கால் தடம் பதிந்தது. அவ்வளவு தூசி. மேலே கதவைத் திறந்ததும் மணம் முகத்தில் அறைந்தது. நிலத்தில் தண்ணீர் போகிற ட்ரெப்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. கொமட்டைப் பார்த்தேன். அதன் வளைவில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீரும் இல்லை. தண்ணீர் நின்ற இடத்தில் மஞ்சள் கோடு மட்டும் இருந்தது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ட்ரெப்பில் நிற்கிற தண்ணீர்தான் குழியின் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. ஆட்கள் பாவிக்கிற பாத்ரூமில் அது காயாது. அது காய்ந்திருந்தால் அங்கே குளிக்கிறவரும் இல்லை, போகிறவரும் இல்லை என்று அர்த்தம்.

தாங்கித் தண்ணீரைத் திறந்து வாளியில் பிடித்து ஊற்றினேன். யன்னலைத் திறந்து வைத்தேன். மணம் போய்விட்டது. அதற்கு மேல் அங்கே பழுதுபார்க்க எதுவும் இருக்கவில்லை. ஆனால் எனக்கு இறங்கி வரக் கால் வரவில்லை. வீட்டில் ஒரு மனுசி இருக்கிறார். இருக்கிற ஒரே கக்கூஸ் இது. அப்படியென்றால் அவர் எங்கே போகிறார்?

கீழே வந்து கேட்டேன். முதலில், "மேலதான் போறன், வேற எங்க போற?" என்றார். ட்ரெப் காய்ந்து கிடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"கால் ஏலா பாஸ். புள்ள இரிக்கக்குள்ள பாமசியில நோவுக் குளிசை வாங்கிப் போட்டுப் போட்டு ஏறினன். இப்ப குளிசைக்கும் கேக்குதில்ல. விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வூட்டுக்குப் போவன், மைமூன்ட வூட்டுக்கு. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு ஒருக்கா. அவ ஒண்டும் நினைக்கிறல்ல."

"மற்ற நேரத்தில?"

"மற்ற நேரம் போகத் தேவையில்ல. நான் தண்ணி வென்னி குடிக்கிறல்ல. தேத்தண்ணி காலையில ஒரு முறடு. பின்னேரம் அசருக்குப் பிறகு ஒண்டும் வாயில வைக்க மாட்டன். பழகிட்டு." கொஞ்சம் நிறுத்தி, "நோன்பு மாசம்தான் எனக்குச் சொகம். பகலில ஒருத்தரும் குடிங்க, குடிங்க எண்டு சொல்ல மாட்டாங்க" என்றார்.

வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய உதடு வெடித்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. "நீங்க என்ன செய்றீங்க எண்டு தெரியுமா? உடம்பு கெட்டுப்போகும்" என்று சத்தம் போட்டேன். நான் இரைய, அவர் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கையைக் காட்டினார்.

"மகனுக்குச் சொல்லிராதீங்க, பாஸ். அவன்ட இரத்தத்த வித்துக் கட்டின வூடு. உம்மாக்கு உதவல்ல எண்டு கேட்டா அவனுக்குத் தாங்காது."

5. வேலை தேடுகிற பாஸ்

நான் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அன்றே றிஸ்வானுக்கு வொய்ஸ் அனுப்பினேன். உம்மா மேலே ஏறுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, படிக்குக் கீழே உடனே ஒரு கக்கூஸ் வைக்க வேண்டும், ஹோல் சிறுத்தாலும் பரவாயில்லை என்று சொன்னேன்.

அவன் அழைத்தபோது குரல் இறுகியிருந்தது.

"பாஸ், நான் உம்மாட்டக் கேட்டுட்டன். அப்பிடி ஒண்டும் இல்ல எண்டு சொல்றா. ஒவ்வொரு நாளும் வீடியோவில பாக்கிறன். படியில இருந்துதான் கதைக்கிறா, இப்பத்தான் மேலால வந்தன் எண்டு சொல்றா."

அவர் கீழே முதல் படியில் உட்கார்ந்துகொண்டு போனைப் பிடிப்பார். பின்னால் படி தெரியும். மகன் அதைப் பார்த்து நிம்மதியடைவான். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"றிஸ்வான், நான் ட்ரெப்பத் திறந்து பாத்தவன்…"

"உம்மா சொல்றா, பாஸுக்கு இப்ப வேலை குறைவாம், அதான் வேலை தேடுறாராம் எண்டு. வேலை வேணும் எண்டா நேர கேளுங்க பாஸ். உம்மாவ ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்க?"

நான் போனை வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு பைப் எல்போ துண்டைக் கூட அதிகம் கணக்கில் சேர்க்காதவனைப் பார்த்து இப்படி ஒரு சொல். ரோசம் வந்தது. இனி அந்த ஒழுங்கைக்குள் காலே வைப்பதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். உம்மா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் சொல்லவில்லை, மகனைக் காப்பாற்றச் சொன்னார் என்று மனைவிதான் சொன்னாள். அது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் வலித்தது.

லீவில் மகளும் மருமகனும் வந்து நின்ற நாட்களில் சுபைதா உம்மா மறுபடி குளிசை போட்டு ஏறியதாகவும், அவர்கள் போனதும் படுத்துவிட்டதாகவும் மைமூன் பிறகு சொன்னார்.

6. படிக்குக் கீழே

அடுத்த மாரி தொடங்கும் முன்பே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சலும் நடுக்கமும். முதலில் சிறுநீரில் கிருமி என்றார்கள். பிறகு கிட்னி என்றார்கள். தண்ணீர் குடிக்காததும் அந்த நோவுக் குளிசையும் சேர்ந்து செய்த வேலை என்று சொன்ன டொக்டர் கேட்டாராம், "இவ்வளவு நாளும் வீட்டில இருந்தவங்க என்ன செய்தீங்க?" என்று. வீட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தானே.

றிஸ்வான் கட்டாரிலிருந்து வந்து இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். நான்தான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். திட்ட வேண்டும் என்று எத்தனையோ வசனம் சேர்த்து வைத்திருந்தேன். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"எவ்வளவு காசு முடிஞ்சாலும் பரவால்ல பாஸ். உம்மா வூட்டுக்கு வாறத்துக்கிடையில செஞ்சி தாங்க" என்றான்.

செய்தேன். ஹோலுக்குள் சுவரைத் தள்ளிக் கட்டி, கொமட்டைத் திருப்பி வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து எழும்பக் கம்பி போட்டு, வெள்ளம் வந்தால் திரும்பி வராமல் ஒருவழி வால்வும் வைத்தேன். ஹோல் சிறுத்தது. அதைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் தொழிலில் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த வேலை வேறு இல்லை. செய்யும்போது சந்தோசமும் இல்லை.

இப்போது யாராவது வந்து, பாத்ரூமை மேல்மாடிக்குக் கொண்டுபோக என்ன செலவு என்று கேட்டால், நான் டைல்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டில் வயது போனவர் யார் என்று கேட்கிறேன். அவரைத் தனியாகக் கண்டு கதைக்கிறேன். பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டால் அவர்கள் எல்லோரும் "நான் ஏறுவன்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை நம்பி எஸ்டிமேட் எழுதக்கூடாது. கீழே ஒன்று இல்லாமல் மேலே கொண்டுபோக மாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு பாஸைத் தேடிப் போகிறார்கள். போகட்டும்.

சுபைதா உம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஒருமுறை போனேன். புதுக் குழாய் சொட்டுகிறது என்றார்கள். ஹோலில், கக்கூஸ் கதவுக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துவர வேண்டும். கால் வீங்கியிருந்தது. ஆள் பாதியாகிவிட்டார். குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தபோது மைமூனைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

"உங்களுக்கு?" என்று கேட்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அளவுக் கோடு போட்ட சின்னப் போத்தல் ஒன்று இருந்தது. அதைக் காட்டினார். "ஒரு நாளைக்கு இவ்வளவுதானாம் பாஸ். அதுக்கு மேல ஒரு முறடும் குடிக்கக் கூடாதாம், நெஞ்சில தண்ணி கட்டுமாம். காலையிலயே முடிச்சிட்டன்."

தேத்தண்ணி வந்தது. எனக்குக் கையில் எடுக்க மனம் வரவில்லை.

"குடிங்க பாஸ், ஆறிப் போகுது. நீங்க குடிங்க, நான் பாத்திட்டு இரிக்கன்" என்றார்.

குடித்தேன். முடியும்வரை அவர் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.